சாவி கேகாலையில் இருக்கிறது

எங்கள் லயத்து வாசலில் நின்று வலது பக்கம் பார்த்தால் பாறை மேட்டில் ஒரு மஞ்சள் கட்டடம் தெரியும். ‘காலநிலைத் தாங்குதிறன் நிலையம்’ என்று மூன்று மொழியிலும் அதன் நெற்றியில் எழுதியிருக்கிறார்கள். அந்த மஞ்சளைக் கண்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. பித்தமாக இருக்கும், சீரகத் தண்ணி குடி என்கிறாள் அண்ணி. பித்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தக் கட்டடத்தால் எங்களுக்கு நடந்ததை ஒரு தடவையாவது முழுதாகச் சொல்லித் தீர்த்தால்தான் அடங்கும் போலிருக்கிறது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, ரப்பரும் தேயிலையும் கலந்து கிடக்கிற மலையில் இருக்கிறது எங்கள் தோட்டம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கிடக்கிற ஒற்றை அறை வீடுகள். ஒரே காம்பராவில் நான், அண்ணன், அண்ணி, அவர்களுடைய கைக்குழந்தை. அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறான். நான் ஏ.எல். வரை படித்துவிட்டு டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் போடுகிறேன். எங்கள் லயத்துக்கு நேர் பின்னால் மலை செங்குத்தாக ஏறுகிறது. அந்தச் சரிவில் நின்ற கிழட்டு ரப்பர் மரங்களைத் தோட்டத்தை நடத்துகிற கம்பெனி பிடுங்கிப்போட்ட பிறகு, மழைத் தண்ணீரை ஒதுக்கி விடுகிற கான்கள் எல்லாம் மண் மூடிப் போயின.

அந்த மஞ்சள் கட்டடம் முன்பு ரப்பர் ஸ்டோராக இருந்தது. ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற இடம். பால் இப்போது பவுசர் லொறியில் வேறெங்கோ போகிறது, ஆகவே ஸ்டோர் சும்மா கிடந்தது. கதவு பாதிதான் இருந்தது. உள்ளே போனால் பழைய புகையும் ஒட்டுப்பாலும் சேர்ந்து அழுகிய மீன் மாதிரி நாறும். ஆனால் அது நிற்பது பாறையின் மேல். மலை எந்தப் பக்கம் சரிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்பது லயத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

மழை முன்பு போல் இல்லை. சொட்டுச் சொட்டாகப் பெய்து ஊறுகிற மழையை நான் கண்டே கொஞ்ச காலமாகிறது. இப்போது வெயில் போட்டு வறுத்துவிட்டு, மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போகிறது. ஆகவே எங்கள் ஆட்கள் தாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலி மலையிலிருந்து வருகிறது. பீலித் தண்ணீர் சாயத் தண்ணி நிறத்துக்கு மாறினால் ஸ்டோருக்குப் போய்விட வேண்டும். யாரும் கட்டளை போட வேண்டியதில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஸ்டோரின் மூலையில் இரண்டு கல் அடுப்பும் காய்ந்த விறகும் எப்போதும் இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு கட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்ததில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. மண்சரிவு என்பது ரேடியோவிலும் பாடப் புத்தகத்திலும் உள்ள சொல். எங்கள் லயத்தில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சிங்களத்தில் மண்சரிவுக்கு ‘நாய’ என்பார்கள். கீழே உள்ள கிராமத்துச் சிங்கள ஆட்கள் மலையைக் காட்டி நாய, நாய என்று சொல்லிச் சொல்லி, எங்கள் ஆட்களின் காதில் அது நாயாகவே ஆகிவிட்டது. ‘நாய் எறங்குது’ என்றால் மண் சரிகிறது. பழைய சரிவு கிடக்கிற இடத்துக்கு ‘நாய் படுத்த எடம்’ என்று பெயர். எனக்குச் சோறு ஊட்டும்போதுகூட அந்த நாயைச் சொல்லித்தான் மிரட்டினார்கள். யாருக்கும் அதில் சிரிப்பு வந்ததில்லை.

இப்படி நாங்கள் பாட்டுக்கு இருந்தபோதுதான் காலநிலைத் திட்டம் ஒன்று வந்தது. கேகாலையில் ஒரு ஹோட்டலில் பயிற்சிப் பட்டறை என்றார்கள். லயத்துப் பெண்கள் சார்பாக என்னைக் கூப்பிட்டார்கள். ஏசி போட்ட அறை, மேடையில் ஒரு பெனர். ‘உள்ளூர் தகவமைப்பை மேல்மட்ட ஆதரவுடன் இணைத்தல்’ என்று அதில் எழுதியிருந்தது. நான் அதை மூன்று தடவை வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, மொத்தமாக ஒன்றும் புரியவில்லை.

திட்டத்தின் இணைப்பாளர் பேசினார். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், கெம்பஸ் போய் வந்தவர், சேற்றையே கண்டிராத சப்பாத்து. நம்ம ஆள் ஒருவர் இந்த இடத்துக்கு வந்திருக்கிறாரே என்று முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் பெரிய காகிதத்தில் கீழே ஒரு வட்டம் போட்டார், அதற்குள் ‘சமூகம்’ என்று எழுதினார். மேலே ஒரு வட்டம், அதற்குள் ‘தேசிய மட்டம்’. இரண்டுக்கும் நடுவில் ஒரு அம்பு. “இந்த அம்புதான் முக்கியம். இதுக்குப் பேர்தான் இணைப்பு” என்றார். கடைசி வரைக்கும் எங்களை ‘அந்த மக்கள்’ என்றே சொன்னார். நான் முன் வரிசையில் அவருக்கு நேரே உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு என்ன தேவை என்று என்னைக் கேட்டார்கள். “மலையில உள்ள கான வெட்டி விடணும். ஸ்டோருக்குத் தகரம் ஒழுகுது, அத மாத்தணும். அவ்வளவுதாங்க” என்றேன். இரண்டே இரண்டு காரியம். கானை நாங்களே வெட்டிக்கொள்ள மாட்டோமா என்று நினைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் இன்னும் சில பேரும் மண்வெட்டியோடு ஏறினார்கள். கம்பெனி மண்ணில் யார் கை வைக்கச் சொன்னது என்று ஒப்பீசில் கூப்பிட்டுத் திட்டி அனுப்பினார்கள். பிரதேச செயலகத்துக்குப் போனால் அது கம்பெனியின் காணி என்கிறார்கள். கம்பெனியிடம் போனால் அது அரசாங்கத்தின் மண், நாங்கள் குத்தகைக்காரர் என்கிறார்கள். சரியும்போது மட்டும் அது எங்கள் மண்ணாகிவிடுகிறது.

நான் சொன்னதை இணைப்பாளர் ‘வடிகால் முகாமைத்துவம்’ என்றும் ‘தங்குமிட மேம்பாடு’ என்றும் எழுதிக்கொண்டார். பிறகு சாப்பாடு. கோழி, மீன், மூன்று வகைப் புடிங். மேல்மட்டத்திலிருந்து வந்தவர்கள் புடிங் கோப்பையைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டே வறட்சியைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் கரண்டிச் சத்தம் பல்லைக் கூச வைத்தது. எனக்கு அன்றைக்குத்தான் முதல் குமட்டல்.

கானை யாரும் தொடவில்லை. அது கம்பெனியோடு பேச வேண்டிய விஷயமாம், திட்டத்துக்குள் வராதாம். ஆனால் ஸ்டோருக்கு ஆள் வந்தது. கொந்தராத்துக்காரர் கல் அடுப்பு இரண்டையும் உடைத்தார். புகை பட்டால் பெயின்ட் கெட்டுவிடுமாம். விறகைப் பள்ளத்தில் தள்ளினார். தரைக்குப் பளபளவென்று டைல்ஸ், ஜன்னலுக்குக் கண்ணாடியும் இரும்புக் கம்பியும். கட்டடத்தைச் சுற்றி முன்பு அகலமாகத் தகர இறக்கம் இருந்தது. அது பெயர்ப் பலகையை மறைக்கிறது என்று அதையும் வெட்டி எடுத்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள், பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றாமல். ஒரு ஒலிபெருக்கி. அதோடு செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குவியல் உயிர்காப்பு அங்கி, கடலில் போடுவது. மலை உச்சியில் நாங்கள் எந்தக் கடலில் நீந்தப் போகிறோம் என்று கேட்டேன். வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் ஒரே பட்டியலில்தான் சாமான் வாங்குவார்களாம்.

கடைசியாகப் பூட்டு. அந்தப் பூட்டை விற்ற கடையில் பில் போட்டவளே நான்தான். இணைப்பாளரும் கொந்தராத்துக்காரரும் ஒன்றாக வந்தார்கள். எங்கள் முதலாளி மாவனல்லைக்காரர், முஸ்லிம் ஆட்களை அழைக்கிற மாதிரி நானா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை மேசையில் வைத்து, “இத ஒடைக்கிறன்டா யான வரணும் சேர்” என்றார். மூன்று சாவிகள் ஒரு வளையத்தில் தொங்கின. இணைப்பாளர் அதை அப்படியே கால்சட்டைப் பைக்குள் போட்டார்.

“சாவி யாருகிட்ட இருக்குங்க சேர்?” என்று கேட்டேன்.

“கேகால ஒப்பீஸ்ல. ஒன்னு என்கிட்ட, ஒன்னு மேச லாச்சியில, ஒன்னு ஸ்பெயார்.”

“லயத்துல ஒன்னு குடுத்தா நல்லதுங்களே. மழ வந்தா நாங்க கேகாலைக்கா ஓடி வர்றது?”

அவர் சிரித்தார். “பொருளுக்குப் பொறுப்பு யாரு தங்கச்சி? சாவியக் குடுத்தா ஒவ்வொன்னா காணாமப் போயிரும். நம்ம ஆளுங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? நானும் லயத்துல பொறந்தவன்தானே.”

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். அவர் சொன்னபோது அருவருப்பாக இருந்தது, தெரிந்த வீட்டுச் சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. “ஒவ்வொரு வீட்டுக் கதவுலயும் நம்பர் ஒட்டுவோம். ஏதும்னா அடிங்க. ரெண்டாம் நம்பர அமத்துனா தமிழ்லயே பேசலாம். அது உங்க உரிமை” என்றார். சொன்னபடியே ஸ்டிக்கர் ஒட்டினார்கள். திறப்பு விழாவுக்குக் கேக் வெட்டினார்கள். அதற்கும் மஞ்சள் ஐசிங்.

வெசாக் பண்டிகை முடிந்து, டவுனில் காகித விளக்குக் கூடுகளைக் கழற்றுவதற்குள் அந்த மழை வந்தது. இரவு முழுவதும் தகரத்தில் கல் கொட்டின மாதிரி சத்தம். விடிந்ததும் குடத்தோடு போன அண்ணி வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள். “பீலி செவப்பா வருது” என்றாள். பதினாறு காம்பராவும் கிளம்பியது. ஸ்கூலுக்குப் போக முடியாது, அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. கோயிலும் லயத்தை ஒட்டியே இருக்கிறது. போக ஒரே இடம்தான். மழையோடு பாறையில் ஏறிப் போய் அந்த மஞ்சள் கதவின் முன்னால் நின்றோம். பித்தளைப் பூட்டு நனைந்து மினுங்கியது.

ஒண்டுவதற்கு இறக்கமும் இல்லை. பலகையை மறைக்கிறது என்று வெட்டிப் போட்டார்களே. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். அண்ணி குழந்தையை ஒரு சீனிப் பை பொலித்தீனால் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். உள்ளே கதிரைகள் பொலித்தீன் போர்த்திக்கொண்டு, ஒரு சொட்டு ஈரமில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எனக்கு அந்தக் கதிரைகளின் மேல் வந்த வெறுப்பு, இன்றைக்கும் எந்தக் கடையில் அந்த மாதிரிக் கதிரையைப் பார்த்தாலும் திரும்பி வருகிறது.

பாறையின் உச்சியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அண்ணன் போனைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஏறினான். முதலில் இணைப்பாளருக்கு அடித்திருக்கிறான். ‘நீங்கள் அழைத்த இலக்கத்துக்கு இணைப்பு ஏற்படுத்த முடியவில்லை’ என்று ஒரு பெண் குரல் சொல்லியிருக்கிறது. பிறகு ஸ்டிக்கர் நம்பருக்கு அடித்தான். சொன்னபடியே இரண்டை அமத்தியிருக்கிறான். திரும்பி வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது.

“எடுத்தாங்க. தமிழ் ஆளுதான், நல்ல மாதிரிப் பேசுனாரு” என்றான். “நாய் எறங்கப் போகுதுங்க, நாங்கெல்லாம் வெளிய நிக்கிறோம்னு சொன்னேன். பெரிய நாயான்னு கேட்டாரு. ரொம்பப் பெருசுங்கன்னேன். யாரையும் புடிச்சிருச்சான்னாரு. இன்னும் இல்லீங்க, புடிச்சா ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்னேன். கிட்டப் போகாதீங்க, கல்லெடுத்து எறியாதீங்க, ஆள் அனுப்புறோம்னாரு.”

“கல்லு எறியாதீங்கன்னா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“கல்லப் பொரட்டாதீங்கன்னு சொல்லியிருப்பாரு. மழையில சரியா கேக்கல.”

“சாவி?”

“சாமானோட வருவாங்களான்னு கேட்டேன். எல்லாம் கொண்டுக்கிட்டு வருவாங்கன்னாரு.”

நாங்கள் நம்பினோம். மேலிடம் வருகிறேன் என்று சொன்ன பிறகு பூட்டில் கை வைத்தால் அது குற்றமாகிவிடும் என்று அண்ணனே சொன்னான். ஆகவே காத்திருந்தோம். ரோட்டின் வளைவில் ஏதாவது வாகனம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றோம். மழை விடவில்லை. குழந்தை முதலில் அழுதது. பிறகு அழுகையை நிறுத்திவிட்டது. அண்ணி அதன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். உதடு நீலமாகியிருந்தது.

“ஆள் வர்றதுக்குள்ள இது வெறச்சிரும். ஒங்க மேலிடத்த நீங்களே வச்சுக்கங்க. கதவத் தொறக்கிறீங்களா, நான் தலையால முட்டவா?” என்றாள். அண்ணனிடம் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

அவள் சொல்லி வாயை மூடவில்லை, லயத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரிய துணியைக் கிழிப்பது போல. சரிவில் நின்ற ஒரு கித்துள் மரம் நின்றபடியே கொஞ்சம் கீழே நகர்ந்தது. அண்ணன் பாறை விளிம்புக்கு ஓடி, கீழே உள்ள சிங்களக் கிராமத்தைப் பார்த்து, நாய வருகிறது என்று சிங்களத்திலேயே தொண்டை கிழியக் கத்தினான். “நாய எனவோ! நாய எனவோ!”

அங்கே அந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. மணல் லொறி ஓட்டுகிற ஒருவரின் வீடு அந்தச் சரிவுக்கு நேர் கீழே. அவர் தன் மனைவி பிள்ளைகளோடு மேலே ஓடி வந்தார். தோளில் ஒரு இரும்பு அலவாங்கு. பூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார், அதை நான் எழுத மாட்டேன். ஆனால் அது அந்தப் பூட்டுக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. அவரும் அண்ணனும் சேர்ந்து அலவாங்கைக் கொண்டியில் கொடுத்து நெம்பினார்கள்.

பூட்டு உடையவில்லை. நானா சொன்னது உண்மை, அதற்கு யானைதான் வர வேண்டும். ஆனால் கொண்டி, நிலை, அதைச் சுற்றியிருந்த சுவர் எல்லாம் ஒரு கட்டியாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே வெறும் மணல். சீமெந்து என்று பெயருக்கு வாசம் காட்டியிருந்தார் கொந்தராத்துக்காரர். இத்தனை பெரிய திட்டத்தில் எங்கள் உயிரைக் காப்பாற்றியது அந்த மனிதரின் கள்ள வேலை ஒன்றுதான். அவருக்கு நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

குழந்தையின் ஈரத் துணியை எல்லாம் உரித்துவிட்டு, அண்ணி அதைத் தன் வயிற்றோடு வைத்து, மேலே உயிர்காப்பு அங்கிகளை அடுக்கினாள். கதிரைகளின் பொலித்தீனைக் கிழித்துப் பிள்ளைகளுக்குப் போர்த்தினோம். அடுப்பு இருந்திருந்தால் தண்ணீர் சுட வைத்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் குழந்தை மறுபடி அழத் தொடங்கியது. அந்த அழுகை எங்களுக்கு அவ்வளவு இனித்தது. லயத்து நாய் ஒன்று, பழுப்பு நிற எலும்புக்கூடு, அதுவும் எங்களோடு உள்ளே வந்து கதிரைக்கு அடியில் படுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் மலை வந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது, தரை பேசின மாதிரி இருந்தது. ஜன்னலில் பார்த்தால் லயத்தில் பாதி இல்லை. எங்கள் காம்பராவும் இல்லை. லொறிக்காரரின் வீட்டுக் கூரை மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. அன்றைக்கு ஆளும் வரவில்லை. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் இணைப்பாளர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கி முதலில் கதவிடம் போனார். விரலால் அந்த மணலைத் தட்டிப் பார்த்தார். பிறகு டைல்ஸில் இருந்த சேற்றைப் பார்த்தார். “யாரு ஒடைச்சது?” என்று கேட்டார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மண்ணுக்குள் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்கவில்லை. லொறிக்காரர் அண்ணனுக்கு முன்னால் வந்து, நான்தான், என் அலவாங்குதான் என்று சிங்களத்தில் சொன்னார். இணைப்பாளருக்கு அது காதில் விழாத மாதிரி இருந்தது. பொலிஸ் முறைப்பாட்டில் அண்ணனின் பெயர் மட்டும் போனது. பொதுச் சொத்துக்குச் சேதம்.

அண்ணனைப் பொலிஸில் ஒரு பகல் முழுக்க மர வாங்கில் உட்கார வைத்தார்கள். உடுத்தியிருந்தது யாரோ கொடுத்த சாரம், கால் விரல் இடுக்கில் இன்னும் செம்மண். அங்கே இருந்த பொலிஸ்காரருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், இரண்டு தடவை தேத்தண்ணி கொடுத்தார். கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார். வீடு போனவனை எந்த விலாசத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று நான் கேட்டேன்.

அந்த வாரத்திலேயே கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்களைக் கதிரைகளில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். சேறு தெரியாத பக்கமாகப் பார்த்து எடுத்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டார். “பூட்டிக் கெடந்துச்சு. சாவி கேகாலையில. பிள்ள சாகப் போச்சு, கதவ நாங்களே பேத்தெடுத்தோம்” என்றேன். பக்கத்தில் நின்ற இணைப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். பில் போடுகிற அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும். ‘ஆபத்து நேரத்தில் சமூகம் இந்த நிலையத்தைத் தானே முன்வந்து தனதாக்கிக்கொண்டது’ என்று சொன்னார். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எழுந்து வெளியே போய்ப் பாறை ஓரத்தில் நிஜமாகவே வாந்தி எடுத்தேன். களைப்பு என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

அவர்கள் போய்ச் சில நாள் கழித்து ஒரு வேன் வந்தது. உள்ளே இரண்டு பேர், ஒரு ஐஸ் பெட்டி, ஒரு வலை. மண்ணை அள்ளிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வந்தவர்களில் மூத்தவர் தமிழ் பேசினார். முறைப்பாடு ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். ரோடு சரியில்லாததால் சுணங்கிவிட்டதாம்.

“பெரிய நாய் ஒன்னு லயத்துக்கு மேலருந்து எறங்குதுன்னு சொல்லியிருக்காங்க. விசர் நாயா இருக்கும்னு எங்களுக்கு அனுப்புனாங்க. நாய் எங்க?”

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. பெரிய நாயா, யாரையும் புடிச்சிருச்சா, கல்லெடுத்து எறியாதீங்க. அண்ணனுக்கும் விளங்கிவிட்டது. அவன் மண்வெட்டியை ஊன்றி நின்று கையை நீட்டினான். பாதி லயத்தை மூடிக்கொண்டு, தகரமும் பாயும் துருத்திக்கொண்டு கிடந்தது அந்தச் செம்மண்.

“அந்தா படுத்துருக்கு. ஊசி போடுறதுன்னா போட்டுட்டுப் போங்க.”

அந்த மனிதர் நல்லவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போக அவருக்கு மனம் வரவில்லையோ என்னவோ, கதிரைக்கு அடியில் படுத்திருந்த அந்தப் பழுப்பு நாயைப் பிடித்து விசர்த் தடுப்பூசி போட்டார். மேல்மட்டத்திலிருந்து எங்கள் லயத்துக்குக் கை மாறாமல் நேராக வந்து சேர்ந்த உதவி அந்த ஒரு ஊசிதான்.

இதை இணைப்பாளரிடம் சொன்னபோது அவர் எரிச்சல்பட்டார். “மண்சரிவுன்னு சொல்லியிருக்கணும். நாய்னா யாருக்குப் புரியும்?”

“ஒங்க தோட்டத்துல என்னான்னு சொல்லுவீங்க சேர்?” என்று கேட்டேன்.

அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். இதைச் சொன்னது எங்கள் கடையில் வைத்துத்தான். கதவைத் திருத்தியாகிவிட்டது, புதுப் பூட்டு வேண்டும் என்று வந்திருந்தார். போன தடவையை விடப் பெரியதாக, நீளமான ஸ்க்ரூவோடு. நாங்கள் அப்போது மண்ணுக்குத் தப்பிய அரை லயத்தில், ஒரு காம்பராவுக்கு இரண்டு குடும்பமாக இருந்தோம். கானை இன்னும் யாரும் வெட்டவில்லை. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.

பூட்டுப் பெட்டியை உள் அறையிலிருந்து நான் எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அவர் திறந்து பார்த்தார். “ரெண்டு சாவிதான் இருக்கு. போன தடவ மூணு வந்துச்சே?”

“இந்த மொடலுக்கு ரெண்டுதாங்க சேர்.”

அவர் முதலாளியைப் பார்த்தார். நானா கல்லாவில் குனிந்து சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஓ, இதுக்கு ரெண்டுதான்” என்றார்.

மழை வலுக்கும் முன் போய்விட வேண்டும் என்று இணைப்பாளர் அவசரமாகக் கிளம்பினார். நான் கடை சாத்தும் வரை இருந்துவிட்டு நனைந்துகொண்டே லயத்துக்கு வந்தேன். சட்டைக்குள் அது குளிர்ச்சியாக உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது அது பீலிக்குப் போகிற வழியில் ஒரு இடத்தில் தொங்குகிறது. எந்த இடம் என்று எழுத மாட்டேன், குழந்தைகள் உட்பட லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பொருள் காணாமல் போய்விடும் என்று அவர் அன்றைக்கே சொன்னார். போய்விட்டது.